நகல் சொகுசுக் கடிகாரங்களுக்குள் இனி எந்த மெஷின் ஓடும்?

நொடிமுள் எழுதியது:

போலிக் கடிகாரம் எங்கே கிடைக்கும் என்று கேட்க இந்தக் களத்தில் இடமில்லை; நான் கேட்க வந்ததும் அதுவன்று. அவற்றின் பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஓடும் மெஷின் எப்படி மாறி வந்திருக்கிறது, இனி எந்தப் பக்கம் போகும் என்பதைப் பேச விரும்புகிறேன். அந்த மாற்றம் போலியை வாங்குபவரோடு நின்றுவிடுவதில்லை. அசல் கடிகாரம் வைத்திருப்பவரையும், சிறு கடை வைத்துப் பழுதுபார்ப்பவரையும் அது தொடுகிறது என்பது என் எண்ணம்.

ஒரு காலத்தில் சென்னை பர்மா பஜாரில் ரோலெக்ஸ் என்ற பெயரோடு விற்ற கடிகாரங்களுக்குள் மலிவான குவார்ட்ஸ் மெஷின்தான் இருந்தது. நொடி முள் விட்டுவிட்டுத் தாவுவதைப் பார்த்தே எவரும் சொல்லிவிடலாம். அதன் பிறகு ஜப்பானிய மியோட்டா 8215 போன்ற தானியங்கி மெஷின்கள் வந்தன; முள் ஓரளவு வழுக்கிச் சென்றது, ஆனால் அவை மணிக்கு 21,600 முறை, அதாவது நொடிக்கு ஆறு முறை துடிப்பவை. அசலோ நொடிக்கு எட்டு முறை துடிப்பது. ஆகவே சுவிட்சர்லாந்தின் ஈடிஏ 2824-2 மெஷினும் அதன் சீன நகல்களும் அந்த இடத்தைப் பிடித்தன. கடந்த பத்தாண்டு அளவில் நிலைமை இன்னொரு படி மாறி, ரோலெக்ஸின் சொந்த மெஷின்களான 3135, 4130 ஆகியவற்றையே பாகத்துக்குப் பாகம் பார்த்துச் செய்த நகல்கள் 'ஃபர்ஸ்ட் காப்பி' கடிகாரங்களுக்குள் ஓடுகின்றன.

இதற்கிடையில் அசல் நிறுவனம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1988-இல் வந்த 3135-இன் இடத்தில் 2015 முதல் 3235 வரத் தொடங்கியது. 2020-இல் சப்மரினர் என்ற நீச்சல் கடிகாரத்துக்கும் அதே குடும்பத்து மெஷின் வந்துவிட்டது. 2025-இல் லேண்ட்-ட்வெல்லர் என்ற கடிகாரத்தோடு 7135 என்ற மெஷினையும், டைனாபல்ஸ் என்ற புதிய எஸ்கேப்மென்ட்டையும் (ஸ்பிரிங்கின் விசையைத் துடிப்புத் துடிப்பாக விடுவிக்கும் பகுதி) வெளியிட்டார்கள். அதன் முக்கியப் பாகங்கள் சிலிக்கனால் ஆனவை. துடிப்பு நொடிக்குப் பத்து. இந்தத் துரத்தலில் நகலெடுப்பவர்கள் தொடர்ந்து வருவார்களா, அல்லது ஓர் இடத்தில் நின்றுவிடுவார்களா?

மைக்ரான் எழுதியது:

நான் ஓசூர்ப் பக்கம் நுண்பாகங்கள் கடையும் தொழிலில் இருப்பவன். இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன்னால், பாகத்துக்குப் பாகம் நகலெடுக்கும் தேவை ஏன் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஈடிஏ 2824-2 நல்ல மெஷின், உழைக்கும் மெஷின், அதன் நகலும் மலிவு; அதை விட்டுவிட்டு இவ்வளவு முதலீடு செய்து 3135-ஐ ஏன் செய்தார்கள்?

காரணம் அளவுதான். 2824-இன் விட்டம் 25.6 மில்லிமீட்டர், 3135-இன் விட்டம் 28.5 மில்லிமீட்டர். மெஷின் சிறியதானால் தேதிச் சக்கரமும் சிறியதாகிறது, தேதி எண்கள் டயலின் மையத்தை நோக்கி உள்ளே தள்ளிப்போகின்றன. தேதிச் சாளரத்தை அசல் இருக்கும் இடத்தில் வெட்டினால் எண் அதில் நடுவாக உட்காராது. சாவித் தண்டு, அதாவது பக்கத்துக் குமிழின் தண்டு, மெஷினுக்குள் நுழையும் உயரமும் வேறு. ஆகவே கூட்டின் பக்கவாட்டில் சாவியின் இடமும் மாறிவிடும். வெளியே எவ்வளவு நுணுக்கமாகக் கடைந்தாலும், உள்ளே இருக்கும் மெஷின் வெளியே காட்டிக்கொடுத்துவிடும்.

ரோலெக்ஸின் டேடோனா என்ற நொடிமானிக் கடிகாரத்தின் (ஸ்டாப்வாட்ச் வசதி கொண்டது) கதை இன்னும் மோசம். அசலின் டயலில் சிறு வட்டங்கள் 3, 6, 9 மணி இடங்களில் இருக்கின்றன. ஓடும் நொடி முள் 6-இல். அன்று எளிதாகக் கையில் கிடைத்த தானியங்கி நொடிமானி மெஷினான வால்ஜூ 7750-இல் அவை 12, 6, 9 இடங்களில் உள்ளன. இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டுவதற்காக இடையில் கூடுதல் பற்சக்கரங்களைச் செருகி, நொடியின் ஓட்டத்தை 6-க்குக் கடத்தினார்கள். ஒவ்வொரு கூடுதல் சக்கரமும் உராய்வு; மெயின் ஸ்பிரிங்கின் விசையில் ஒரு பங்கை அது தின்றது; கடிகாரம் சில மாதங்களில் நின்றது. போதாக்குறைக்கு 7750-இன் தடிமன் 7.9 மில்லிமீட்டர், டேடோனாவின் அசல் மெஷினான 4130-இன் தடிமன் 6.5 மில்லிமீட்டர். நகலின் வயிறு புடைத்துத் தெரிந்தது. ஆகவே 4130-இன் நகல் பிறந்தது மெஷின்மீது கொண்ட மரியாதையால் அன்று. டயலும் கூடும் சரியாக அமைய வேறு வழியில்லை என்பதால்தான்.

இதை வைத்துப் பார்த்தால் எதிர்காலத்தின் ஒரு பகுதியைச் சொல்லிவிடலாம். வெளியே தெரியாத எந்த மாற்றத்தையும் நகலெடுப்பவர்கள் பொருட்படுத்த மாட்டார்கள். தடிமன், தேதியின் இடம், முள்ளின் துடிப்பு, சாவியின் உயரம், கண்ணாடிப் பின்மூடி இருந்தால் அதன் வழியே தெரியும் முகம், இந்த ஐந்தும்தான் அவர்களுக்கு மெஷின்.

தானியங்கி எழுதியது:

மைக்ரான் அண்ணன் சொன்ன அளவுக் கணக்கு சரி. ஆனால் ஈடிஏ கதவைச் சாத்தியதும் பெரிய காரணம் என்பதை விட்டுவிடக் கூடாது. ஸ்வாட்ச் குழுமத்துக்குச் சொந்தமான ஈடிஏ, அரைகுறையாகக் கோத்த மெஷின்களை வெளியாருக்கு விற்பதை நிறுத்தப்போவதாக 2002-இல் அறிவித்தது. சுவிஸ் போட்டி ஆணையம் தலையிட்டு, இறுதியில் 2013-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி வெளியாருக்குத் தர வேண்டிய அளவு 2014-15-இல் அடிப்படை அளவின் 75 விழுக்காடாகவும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 65 ஆகவும், அதற்கடுத்த இரண்டில் 55 ஆகவும் குறைந்தது. 2020 ஜூலையில் யாருக்கு விற்பது, விற்காமல் விடுவது என்பதை ஈடிஏவே முடிவு செய்துகொள்ளலாம் என்று ஆகிவிட்டது.

இந்தப் பதினெட்டு ஆண்டு இழுபறியில்தான் லா ஷோ-த-ஃபோன் நகரத்துச் செல்லிட்டா நிறுவனம் 2824-ஐ ஒத்த எஸ்டபிள்யூ200 மெஷினோடு எழுந்து நின்றது. சீனாவிலும் தியான்ஜின் சீகல் ஆலையின் எஸ்டி2130, ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் பிடி5000 ஆகியவை அதே வடிவத்தில் வந்தன. வடிவத்தின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இவை எல்லாம் சட்டத்துக்கு உட்பட்ட பொருள்கள்தாம். சொந்தப் பெயரில் விற்கப்படுகின்றன. என் கணிப்பில் எதிர்காலம் இவற்றுக்கே. நல்ல மெஷினைச் செய்யத் தெரிந்தவன் ஒரு நாள் சொந்தப் பெயரில் விற்கவே விரும்புவான். சீகோவின் என்எச்35 போட்ட, தன் பெயரையே டயலில் எழுதிய நல்ல நீச்சல் கடிகாரங்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, ரோலெக்ஸின் சின்னமான கிரீடத்தைத் திருடிப் பதித்ததை எத்தனை நாளைக்கு மக்கள் வாங்குவார்கள்?

சட்டப்புள்ளி எழுதியது:

கடைசி வரியில் தானியங்கி காட்டும் நம்பிக்கை எனக்கு இல்லை. போலியை வாங்குபவர் மெஷினுக்காக வாங்குவதில்லை, டயலில் இருக்கும் பெயருக்காக வாங்குகிறார். என்எச்35 எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்தப் பெயரை அது தராது.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். காப்புரிமைக்குப் பொதுவாக 20 ஆண்டுகள்தாம் ஆயுள். 1988-இல் வந்த மெஷினின் அமைப்பை இன்று எவர் செய்தாலும், அதன்மீது வேறு உரிமை எதுவும் நிலுவையில் இல்லாவிட்டால், அமைப்பை எடுத்தாண்டதற்காக மட்டும் அவரைத் தடுப்பது கடினம். வணிகக் குறியீடு அப்படியன்று. புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அதற்கு முடிவில்லை. பெயர் பொறிக்காத வெறும் நகல் மெஷின் ஒரு பொருள். அதன் பாலத்தில் (சக்கரங்களைத் தாங்கும் தகடு) கிரீடத்தையும் பெயரையும் பொறித்த நொடியில் அது வேறொரு பொருள். இந்தியாவில் 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறியீடுகள் சட்டம், போலிக் குறியீடு இட்ட பொருளை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. உரிமையாளர் பதிவு செய்து வைத்திருந்தால், சுங்கத்துறை 2007-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்தவும் முடியும்.

ஆகவேதான் மெஷின் ஒரு வழியிலும், பெயர் பொறித்த பாலமும் ரோட்டரும் (கை அசையும்போது சுழன்று சாவி ஏற்றும் எடைத் தகடு) இன்னொரு வழியிலும் பயணம் செய்து கடைசியில் ஓர் அறையில் சேர்கின்றன. இது தொடரும்வரை மெஷின் செய்பவர் 'நான் வெறும் இயந்திரம் செய்கிறேன்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

பழைய பட்டறை எழுதியது:

பெரியவர்கள் சட்டமும் அளவும் பேசிவிட்டீர்கள். மேசையில் திறந்து பார்ப்பவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். எச்எம்டி கடிகாரங்களில் தொழில் கற்றவன் நான். 1961-இல் பெங்களூரில் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கிய ஆலை அது. அந்த மெஷின் ஜப்பானிய வடிவம்தான், ஆனால் ஒப்பந்தம் போட்டு வாங்கிய வடிவம். எந்த ஆண்டுச் சக்கரமும் அதே வகை மெஷினில் உட்காரும். இந்த நகல்களில் இல்லாதது அதுதான்.

3135-இன் நகல் என்று வரும் மெஷினைத் திறந்தால் முதல் பார்வைக்குக் கண் ஏமாறும். ரோட்டர் எந்தப் பக்கம் சுழன்றாலும் சாவி ஏற்றும் சிவப்பு நிறத் திருப்புச் சக்கரங்கள் இரண்டும் இருக்கும், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் பாலம் இரண்டு பக்கமும் தாங்கியிருக்கும், அந்த ஆட்டத்தை ஆளும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் நீலமாக இருக்கும். ரோட்டரைக் கழற்றி அச்சைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். 3135-இல் ரோட்டர் குண்டுத் தாங்கியில் (பால் பேரிங்) சுழல்வதில்லை. ஓர் அச்சில், செயற்கை மாணிக்கக் கல்லுக்குள் சுழல்கிறது. அசலிலும் எண்ணெய் வற்றினால் தேயும் இடம் அது. நகலில் அந்த அச்சு ஒரு சர்வீஸ் காலம்கூடத் தாக்குப் பிடிக்காமல், கரும்பழுப்பு நிறப் பசையாகத் தன் உலோகத்தையே சுற்றிலும் பூசி வைத்திருக்கும். ரோட்டர் ஆடி ஆடிப் பாலத்தில் அரை வட்டக் கீறல் போட்டிருக்கும்.

எண்ணெய் என்று எடுத்துக்கொண்டால் இரண்டே நிலைதான்: ஒன்று வறண்டு கிடக்கும், இல்லாவிட்டால் குளித்திருக்கும். எஸ்கேப் சக்கரத்தின் பல்லைப் பிடித்துப் பிடித்து விடும் பேலட் கற்களின் முகத்தில் துளி அளவு வைக்க வேண்டிய எண்ணெய், எஸ்கேப் சக்கரத்தின் ஆரங்கள் வரை பரவியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த ஒன்றை டைம்கிராஃபரில் (ஓட்டத்தை அளக்கும் கருவி) வைத்தால் பேலன்ஸ் ஆடும் வீச்சு 290 பாகை காட்டும். அதே பெயரில், அதே படத்தோடு வந்த இன்னொன்று 230-ஐத் தாண்டாது. இரண்டையும் சுத்தம் செய்து எண்ணெய் இட்டால் இரண்டும் ஒழுங்காக ஓடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலோகத்தைக் கடைந்தவன் கெட்டிக்காரன். கோத்தவனுக்கு நேரம் தரப்படவில்லை.

பெரிய தொல்லை இதற்குப் பிறகு வருகிறது. ஒரு நகலில் தேதிச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் தாவி உடைந்தால் இன்னொரு நகலின் தாவி பொருந்தும் என்று சொல்ல முடியாது. அட்டவணை இல்லை, பாக எண் இல்லை. தொகுதிக்குத் தொகுதி திருகின் புரிகூட மாறும். வாடிக்கையாளரிடம் "முழு மெஷினையே மாற்றுங்கள்" என்று சொல்வதைத் தவிர வேறு வழி இருக்காது.

நொடிமுள் எழுதியது:

பழைய பட்டறை ஐயாவின் பதிவை வாசித்த பிறகு என் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போடத் தோன்றுகிறது. ஒரு நகலின் பாகம் இன்னொரு நகலில் பொருந்தாமல் போகலாம். ஆனால் நகலின் பாகம் அசலில் பொருந்துமா? அப்படிப் பொருந்தினால் யார் அதை வாங்குகிறார்கள்?

பழைய பட்டறை எழுதியது:

பல பாகங்கள் பொருந்தும். யார் வாங்குகிறார்கள் என்று வெளிப்படையாக யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் சாவித் தண்டு, சாவி கொடுக்கும் சக்கரங்கள், திருப்புச் சக்கரம், ரோட்டர் அச்சு, தேதிப் பகுதிச் சிறு பாகங்கள் ஆகியவற்றுக்குத்தான் தேவை அதிகம். முழு நகல் மெஷினை வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்துப் பெட்டியில் போட்டு வைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

தேம்ஸ்கரை எழுதியது:

லண்டனிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையின் உண்மையான முடிச்சு நொடிமுள் இப்போது கேட்ட கேள்வியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவில் நடந்த ஒரு நீண்ட வழக்கைப் பார்க்க வேண்டும்.

சுவிஸ் நிறுவனங்கள் தங்கள் அங்கீகாரம் பெறாத பழுதுபார்ப்பவர்களுக்கு உதிரி பாகம் தர மறுப்பது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று, தனிப்பட்ட பழுதுபார்ப்பவர்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பு 2004-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. ஆணையம் அதைத் தள்ளியது. 2010 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம், ஆணையம் சரியாக ஆராயவில்லை என்று அந்த முடிவை ரத்து செய்தது. ஆணையம் மீண்டும் ஆராய்ந்து 2014-இல் மறுபடியும் தள்ளியது. இம்முறை 2017 அக்டோபரில் நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கமே நின்றது. அதாவது, தான் தேர்ந்தெடுத்த, தன் தரக்கட்டுப்பாட்டை ஏற்ற பட்டறைகளுக்கு மட்டும் பாகம் தருவது நிறுவனத்தின் உரிமை என்று ஆகிவிட்டது. இங்கே பிரிட்டனில் ஸ்வாட்ச் குழுமம் 2015 முடிவோடு மொத்த வியாபாரிகளுக்குப் பாகம் தருவதை நிறுத்தியது; அதுவும் நீதிமன்றம் வரை போனது.

நிறுவனங்களின் வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: பாகத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் அசல் பாகங்களைக் கொண்டே போலிகளைச் செய்துவிடுவார்கள் என்பது அவர்கள் அச்சம். நடந்ததோ நேர்மாறு. அசல் பாகம் வெளியே வராததால் போலிப் பாகம் அசல் கடிகாரத்துக்குள் போகத் தொடங்கியது. கதவை உள்ளிருந்து பூட்டியவர், வெளியே பூட்டுக்கடை வைக்க இன்னொருவருக்கு இடம் கொடுத்துவிட்டார்.

ஆகவே என் கணிப்பு இது. 3135 போட்ட அசல் கடிகாரங்கள் 1988 முதல் 2020 வரை விற்றவை; உலகம் முழுவதும் கைகளில் இருக்கின்றன, அவை எல்லாவற்றுக்கும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சர்வீஸ் தேவை. போலிக் கடிகாரச் சந்தை வேறொரு மெஷினுக்கு நகர்ந்த பிறகும் 3135-இன் நகல் சாகாது. அது உதிரி பாகமாக இன்னும் முப்பது ஆண்டு வாழும்.

தானியங்கி எழுதியது:

ஒரு சந்தேகம். பொருந்துகிறது, ஓடுகிறது என்றால் அதில் தவறு என்ன? என் மோட்டார் சைக்கிளுக்கு வெளிச்சந்தைப் பாகம் போட்டுத்தான் ஓட்டுகிறேன். நிறுவனம் தர மறுத்தால் பழுதுபார்ப்பவர் என்னதான் செய்வார்?

மைக்ரான் எழுதியது:

பாகத்துக்குப் பாகம் விடை மாறும், தானியங்கி. சாவித் தண்டு என்பது எஃகுக் கம்பி; வடிவமும் கடினமும் சரியாக இருந்தால் யார் செய்தாலும் தண்டுதான். பற்சக்கரங்களும் கிட்டத்தட்ட அப்படியே. இன்றைய கணினிக் கடைசல் இயந்திரங்கள் மைக்ரான் அளவில் வேலை செய்கின்றன. அவை சுவிட்சர்லாந்தில் இருந்தாலும் ஷென்செனில் இருந்தாலும் ஒன்றுதான். சீனக் கடிகாரத் தொழிலை நேற்று முளைத்ததாக நினைப்பதும் சரியன்று. தியான்ஜினில் 1955-இலேயே கைக்கடிகாரம் செய்துவிட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் சுவிஸ் வீனஸ் நிறுவனத்தின் 175 நொடிமானிக்கான இயந்திரங்களை முறைப்படி விலைக்கு வாங்கி விமானிகளுக்குக் கடிகாரம் செய்தார்கள். அந்த மெஷினின் வழித்தோன்றல் இன்றும் எஸ்டி19 என்ற பெயரில் விற்கிறது. கடையத் தெரியாதவர்கள் அல்லர்.

சிக்கல் உலோகம் தானே தன் குணத்தால் நேரம் சொல்லும் இடத்தில் வருகிறது, அதாவது ஹேர் ஸ்பிரிங்கில். ரோலெக்ஸின் பாராக்ரோம் என்பது நயோபியமும் சிர்கோனியமும் கலந்த கலவை. காந்தத்துக்கு அசைந்து கொடுக்காது. அதன் நீல நிறம் பரப்பில் உண்டாகும் ஆக்சைடு படலத்தால் வருகிறது. நகலில் இருக்கும் நீலம் பெரும்பாலும் சாதாரணக் கலவைமீது ஏற்றிய நிறம். காந்தமூடி கொண்ட கைப்பேசி உறையின்மீது ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் டைம்கிராஃபரில் வைத்துப் பாருங்கள். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கடிகாரம் கண்டபடி வேகமாக ஓடும். வெப்பநிலை மாறும்போதும் இதே வேறுபாடு தெரியும். சுவிட்சர்லாந்திலேயே நெடுங்காலம் பெரும்பாலான நிறுவனங்கள் ஹேர் ஸ்பிரிங்குக்கு ஸ்வாட்ச் குழுமத்தின் நிவராக்ஸ் நிறுவனத்தையே நம்பியிருந்தன என்றால், அது எவ்வளவு கடினமான பொருள் என்று பாருங்கள்.

இப்போது நொடிமுள்ளின் முதல் கேள்விக்கு வருகிறேன், சிலிக்கன். 2001-இல் உலிஸ் நார்டின் தன் ஃப்ரீக் கடிகாரத்தில் முதன்முதலாகச் சிலிக்கன் எஸ்கேப் சக்கரங்களை வைத்தபோது அது விந்தை. இன்று அது தொழில். சிலிக்கன் பாகத்தைக் கடைவதில்லை. கணினிச் சில்லுகளைச் செய்வதுபோல, வட்டத் தகட்டின்மீது ஒளியால் வடிவம் பதித்து, அயனிகளால் செங்குத்தாக அரித்து எடுக்கிறார்கள். இதைப் பார்த்து, 'நகலெடுப்பவர்கள் இங்கே நிற்பார்கள்' என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அரிக்கும் சாதனங்கள் சில்லுத் தொழிலில் ஏராளமாக இருக்கின்றன, அந்தத் தொழில் எந்த நாட்டில் வேகமாக வளர்கிறது என்பதும் நமக்குத் தெரியும். ஒரு தகட்டில் நூற்றுக்கணக்கான சக்கரங்கள் ஒரே நேரத்தில் பிறக்கும். எல்லாம் ஒரே அளவில் இருக்கும். பழைய பட்டறை ஐயா சொன்ன தொகுதிக்குத் தொகுதி மாறும் நோய் சிலிக்கனில் குறைவு, எண்ணெயும் தேவையில்லை. முதல் தகட்டுக்கான செலவுதான் பெரிது.

ஆகவே டைனாபல்ஸை நகலெடுப்பார்களா என்பது திறமையைப் பற்றிய கேள்வியன்று, அந்த முதல் செலவு திரும்பி வருமா என்ற கேள்வி. அந்தக் கடிகாரத்துக்குக் கண்ணாடிப் பின்மூடி இருப்பதால் உள்ளே வேறு மெஷினை வைத்து மறைக்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். பட்டேக் பிலிப் நிறுவனத்தின் நாட்டிலஸ் 5711 கடிகாரத்துக்கும் கண்ணாடிப் பின்மூடிதான். அதன் மெஷின் 3.3 மில்லிமீட்டர் தடிமன். நகலெடுத்தவர்கள் 3.9 மில்லிமீட்டர் மியோட்டா 9015-இன்மேல் அலங்காரத் தகடு போர்த்தி விற்றார்கள், வாங்கியவர்கள் வாங்கினார்கள். டைனாபல்ஸுக்கும் முதல் சில ஆண்டுகள் அந்தப் போர்வைதான் வரும். முள்ளின் துடிப்பை மட்டும் நொடிக்குப் பத்தாக்க வேண்டும் என்பதால், எந்தப் பொது மெஷினை அந்த வேகத்துக்கு மாற்றுவது என்று இப்போதே யாரோ ஒரு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

நெறியாளர்:

விற்பனை இணைப்போடு வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. நகல் மெஷின்களின் விலைப்பட்டியலையும் இங்கே இட வேண்டாம்.

நொடிமுள் எழுதியது:

3235-ஐ யாரும் தொடவில்லையே? அதன் நகலும் சந்தைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்படுகிறேன்.

பழைய பட்டறை எழுதியது:

வந்துவிட்டது, திறந்தும் பார்த்தேன். அசல் 3235-இல் எஸ்கேப் சக்கரத்தை நிக்கல்-பாஸ்பரஸில், ஆரங்களுக்கு நடுவே வெட்டி இலேசாக்கியிருக்கிறார்கள். பேலட் கற்களின் தடிமனைப் பாதியாக்கி, விரயத்தைக் குறைத்து, மெயின் ஸ்பிரிங் இருக்கும் பீப்பாயின் சுவரை மெல்லியதாக்கி நீண்ட ஸ்பிரிங்கை வைத்து 70 மணி நேர ஓட்டத்தை எடுத்தார்கள். நகலில் சக்கரத்தின் வெட்டு வடிவம் இருக்கிறது. ஓட்டமும் மூன்று நாளை நெருங்குகிறது, ஏனென்றால் நீண்ட ஸ்பிரிங்கைப் போடுவது எளிது. ஆனால் ஸ்பிரிங் இறங்கி வரும் மூன்றாம் நாளில் வீச்சு மளமளவென்று விழுகிறது, நேரமும் அதோடு போகிறது. ரோட்டரைக் குண்டுத் தாங்கிக்கு மாற்றியது மட்டும் நகலுக்கும் நன்மை செய்திருக்கிறது. 3135 நகலில் நான் சொன்ன அச்சுத் தேய்மானம் இதில் இல்லை. அசலின் வடிவமைப்பாளர் செய்த திருத்தத்தின் பலன் திருடனுக்கும் போய்ச் சேருகிறது, என்ன செய்ய.

சட்டப்புள்ளி எழுதியது:

தானியங்கி கேட்ட 'தவறு என்ன' என்பதற்கு என் பக்கத்து விடையையும் வைத்துவிடுகிறேன். வெளிச்சந்தைப் பாகம் போடுவது குற்றமன்று. சொல்லாமல் போடுவதுதான் வழக்காகும். அசல் பாகத்துக்கான கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் பாகத்தை இட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. அசல் என்று பொய்யாகச் சொல்லி விற்கும் பொருளை அந்தச் சட்டம் தனியாகவே வரையறுக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு பின்னால் வரும். அப்படிப்பட்ட கடிகாரம் ஒரு நாள் நிறுவனத்தின் சொந்த சர்வீஸ் மையத்துக்குப் போனால், வெளிப்பாகம் இருப்பதைக் காட்டி, அவற்றை எல்லாம் மாற்ற ஒப்புக்கொண்டால்தான் தொடுவோம் என்பார்கள், அல்லது தொடவே மறுப்பார்கள். மறுவிற்பனையிலும் அப்படியே.

தானியங்கி எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடைமுறைக்கு ஒன்று கேட்கிறேன், ஐயா. என் மாமாவிடம் 1990-களில் வாங்கிய அசல் சப்மரினர் 16610 இருக்கிறது. நிறுவனத்தின் மையத்தில் கொடுத்தால் டயலையும் முள்ளையும் மாற்றிப் புதிதாக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் வெளியே கொடுக்க நினைக்கிறார். எதைப் பார்த்துக் கொடுப்பது?

பழைய பட்டறை எழுதியது:

முதலில் நிறுவன மையத்திலேயே டயலையும் முள்ளையும் தொட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் தரும் மதிப்பீட்டில் எதை மாற்றப்போகிறார்கள் என்று இருக்கும், பிடிக்காவிட்டால் திரும்ப வாங்கிவிடலாம். வெளியே கொடுப்பதானால், பின்மூடியைத் திறந்ததும் மெஷினின் படத்தை உங்கள் எதிரிலேயே எடுக்கச் சொல்லுங்கள். பேலன்ஸ் பாலம், இரண்டு திருப்புச் சக்கரங்கள், மெஷின் எண், ரோட்டரின் அடிப்பக்கம், இந்த நான்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். எந்தப் பாகம் மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைச் சிறு உறையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தயங்குகிற கடையில் கொடுக்காதீர்கள்.

தேய்ந்த ரோட்டர் அச்சுக்கு அசல் கிடைக்கவில்லை என்று ஒருவர் நேராகச் சொல்லி, நகல் அச்சுதான் இருக்கிறது, போடவா என்று கேட்டால், அவரை நம்பலாம். அச்சை வேண்டுமானால் போடச் சொல்லுங்கள், அடுத்த சர்வீஸை மட்டும் சீக்கிரம் வைத்துக்கொள்ளுங்கள். பேலன்ஸையும் ஹேர் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால் கடிகாரத்தை மூடி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த இரண்டும் பெரும்பாலும் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும், மாற்றியே ஆக வேண்டுமென்றால் அது நிறுவன மையத்தில் மட்டும் நடக்கட்டும்.